தலையெழுத்தா? கதையெழுத்தா?

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, கைதட்டலையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு, எனக்கு மிச்சம் வைக்காமல் போன எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! வேலை முடிந்த களைப்போடு வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற வியாசர்பாடிப் பெருமக்களே! தாய்மார்களே! 

'தொலைக்காட்சி மகாபாரதத்தில் கர்ணன் செத்தானே, அது அவன் தலையெழுத்தா? எழுதியவர்களின் கதையெழுத்துக் கோளாறா?' இதுதான் தலைப்பு. இதை இந்த ஊரில் கொண்டுவந்து வைத்தாரே நடுவர், அது அவருடைய குறும்பு. ஊர் பேரே வியாசர்பாடி. கதையை எழுதியவர் பேர் ஊருக்கு. இங்கே இருக்கிற கோயில் எது? இரவீஸ்வரர் கோயில். இரவி என்றால் சூரியன். சூரியன் வந்து வழிபட்டதால் அந்தப் பெயர் என்று தல வரலாறு சொல்கிறது. சூரியன் யார்? கர்ணனுடைய அப்பா! ஆக, எழுதினவர் ஊருக்குள்ளே, செத்தவனோட அப்பா கோயிலுக்குள்ளே. ரெண்டு பேரையும் வைத்துக்கொண்டு நடுவில் நின்று நான் தீர்ப்புக் கேட்க வேண்டும். (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "1988 அக்டோபர் 2-ஆம் தேதி தூர்தர்ஷனில் தொடங்கி, 1990 ஜூன் 24 வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மொத்தம் 94 பகுதி பார்த்தோம். இந்தி தெரியாது, ஆனாலும் பார்த்தோம். அப்புறம் தமிழ் பேசி வந்ததையும் பார்த்தோம். 2020-ல் ஊரடங்கு போட்டு வீட்டுக்குள் உட்கார வைத்தபோது மறுபடியும் பழையதைப் போட்டார்கள், மறுபடியும் பார்த்தோம். எத்தனை தடவை பார்த்தாலும் கர்ணன் சாகிற இடம் மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை" என்றார்.

நியாயம். பங்கஜ் தீர் கர்ணனாக நின்றபோது இந்தி தெரியாத நம் பாட்டிகள்கூட அழுதார்கள். அழுததை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னாரே, அதைத்தான் மறுக்கிறேன். "ஒருத்தனைக் கொல்ல எத்தனை காரணம்? குருவின் சாபம், பசுவுக்குச் சொந்தக்காரர் சாபம், கவசம் போச்சு, குண்டலம் போச்சு, சக்தி ஆயுதம் போச்சு, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, ஏளனம் பேசுகிற சாரதி, கடைசியில் மண்ணில் புதைகிற சக்கரம். ஒரு கொலைக்கு ஒரு காரணம் போதாதா? காரணத்தை அடுக்கினாலே எழுத்தாளருக்குத் தன் கதை மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்" என்றார். நல்ல வாதம். கைதட்டினீர்கள். நானும் உள்ளுக்குள்ளே தட்டினேன்.

எதிரணி அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போனார். "நம்ம மெகா தொடர் மாதிரிதான் சார் இதுவும்" என்றார். அம்மா, மெகா தொடரில் ஒருவர் எப்படிச் சாகிறார் என்று எனக்கும் தெரியும். நடிகருக்கும் தயாரிப்பாளருக்கும் சம்பளத்தில் தகராறு வந்தால் திங்கட்கிழமை அந்தக் கதாபாத்திரத்துக்கு விபத்து. செவ்வாய்க்கிழமை சுவரில் படம், படத்துக்கு மாலை. சமாதானம் ஆகிவிட்டால் வெள்ளிக்கிழமை இரட்டைப் பிறவியாகத் திரும்பி வந்துவிடுவார். தகராறு தீரவே இல்லையென்றால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை. அவ்வளவுதான், தாலி கட்டின புருஷன் முகம் மாறிப்போகும், வீட்டில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

மோசமாக எழுதப்பட்ட சாவு எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நம்ம வீட்டுப் பெண்கள் பூக்கட்டுவார்கள் இல்லையா? நாரிலே ஒரு முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். மற்ற பூவெல்லாம் அப்படியே நின்றால், அந்த முடிச்சு தேவையில்லாத முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் சரம் முழுக்கக் கொட்டினால், அது கட்டத் தெரிந்தவர் கட்டின சரம்.

கர்ணன் கதையில் ஒரு முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். குந்தி குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடவில்லை என்றால், கர்ணன் சாக மாட்டான். அரங்கத்தில் கிருபர் குலம் கேட்கவில்லை என்றால், துரியோதனன் கொடுத்த அங்க நாட்டுக் கிரீடத்துக்கு அவன் கடன்பட்டிருக்க மாட்டான். பரசுராமரிடம் பொய் சொல்லாமலே படிக்க முடிந்திருந்தால், சாபம் இல்லை. இந்திரன் கவசத்தைக் கேட்டு வந்தபோது இல்லை என்று சொல்லியிருந்தால், அம்பு துளைக்காது. கவசத்துக்கு ஈடாகக் கிடைத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். அதை 14-ஆம் நாள் இரவில் கடோத்கசன் மேல் எறிந்தான். எறியாமல் வைத்திருந்தால் 17-ஆம் நாள் செத்தவன் வேறு ஆளாக இருந்திருப்பான். எட்டுக் காரணம் என்று எண்ணினீர்களே, அவை எட்டுக் காரணம் இல்லை ஐயா. ஒரே காரணத்துக்கு எட்டு முடிச்சு.

"அதெப்படி சார், சரியான நேரத்தில் மந்திரம் மறந்துபோகும்? எழுத்தாளருக்கு வசதியாக இருக்கிறதே!" என்று கேட்டார் எதிரணியில் ஒரு தம்பி. தம்பி, நீங்கள் பரீட்சை எழுதினது கிடையாதா? பயந்து பயந்து படித்த படிப்பு எங்கே மறக்கும்? வீட்டில் மறக்காது, தெருவில் மறக்காது. கேள்வித்தாளைக் கையில் வாங்கினதும் மறக்கும். கர்ணன் எப்படிப் படித்தான்? தான் யார் என்பதை மறைத்துப் படித்தான். 'எப்போது கண்டுபிடிப்பார்களோ' என்று நெஞ்சு அடித்துக்கொண்டே படித்தான். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? குரு அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறார். ஒரு புழு வந்து அவன் தொடையைத் துளைக்கிறது. ரத்தம் ஓடுகிறது. குருவின் தூக்கம் கலையக்கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். விழித்த குரு, "இவ்வளவு வலியைப் பொறுக்கிறவன் என் குலத்துப் பையனாக இருக்க முடியாது" என்கிறார். திருடனைத் திருட்டு காட்டிக்கொடுக்கும். இவனை இவனுடைய குருபக்தி காட்டிக்கொடுத்தது! இதை எழுதினவருக்கா எழுதத் தெரியவில்லை?

எங்கள் தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் கூத்து நடக்கும். 'கர்ண மோட்சம்' ஆடுவார்கள். விடிய விடிய ஆடுவார்கள். கர்ணன் சாவான் என்று தெரியாத ஒரு ஆள் அந்தக் கூட்டத்தில் கிடையாது. தெரிந்தும் விடிகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்து மோசமென்றால் பத்து மணிக்கே பாயைச் சுருட்டியிருக்க மாட்டார்களா?

அப்படியானால் தலையெழுத்துத்தான் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். எங்கள் அணி ஜெயித்துவிடும். ஆனால் உட்கார மாட்டேன். ஏனென்றால் தலையெழுத்து என்ற அந்த வார்த்தையை நாம் கொஞ்சம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, தலையில் எழுதினது. இன்னொன்று, சட்டம், விதிமுறை. பள்ளிக்கூடத்துக்கு விதி உண்டு, சாலைக்கு விதி உண்டு. முதல் விதியை எழுதினவன் யாரென்று யாருக்கும் தெரியாது. ரெண்டாவது விதியை எழுதினவர் யாரென்று விசாரித்தால் தெரிந்துவிடும். கர்ணனைக் கொன்றது விதிதான் என்கிறேன். எந்த விதி? அதுதான் இப்போது கேள்வி.

கல்யாணம் ஆகாத பெண் குழந்தையை வைத்துக்கொள்ளக் கூடாது. இது பிரம்மா எழுதியதா? ஊர் எழுதியது. தேரோட்டி மகன் அரசகுமாரனோடு மோதக் கூடாது. இது வானத்திலிருந்து விழுந்ததா? அரங்கத்தில் இருந்த பெரியவர்கள் போட்டது. இந்தக் குலத்தில் பிறந்தவனுக்குத்தான் இந்த வித்தை. இது யார் வைத்தது? சொல்லிக்கொடுக்கிறவர் வைத்தது. மூன்றும் மனுஷர் போட்ட விதி. மூன்றுக்கும் கர்ணன் வைத்த பெயர் தலைவிதி!

இது என் சொந்தச் சரக்கு இல்லை. வியாசரே சாட்சி. வியாசருடைய அம்மா யார்? சத்தியவதி. மீனவர் வீட்டுப் பெண். காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு அந்த வாசனை புரியும். அவளும் கல்யாணத்துக்கு முன்னாலே பிள்ளை பெற்றவள்தான். அந்தப் பிள்ளைதான் வியாசர். ஆக, கர்ணனும் வியாசரும் ஒரே மாதிரிப் பிறப்பு! ஒருவர் வேதத்தை வகுத்தார். ஒருவன் ரத்தத்தில் கிடந்தான். ஏன்? பிறப்பே தலையெழுத்து என்றால் இரண்டு பேருக்கும் ஒரே முடிவுதானே வந்திருக்க வேண்டும்?

வித்தியாசம் எங்கே? சத்தியவதி பின்னாளில் பீஷ்மரைக் கூப்பிட்டு, "எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலே ஒரு மகன் உண்டு. அவனை அழைக்கப் போகிறேன்" என்று வாய் திறந்து சொன்னாள். குந்தி சொல்லவில்லை. அரங்கத்தில் மகனைப் பார்த்து மயங்கி விழுந்தாள், அப்போதும் சொல்லவில்லை. போருக்கு முன்னால் அவனிடம் தனியாகச் சொன்னாள். அவன் தம்பிகளிடம் எப்போது சொன்னாள் தெரியுமா? போர் முடிந்து, செத்தவர்களுக்கெல்லாம் தர்மன் எள்ளும் தண்ணீரும் விடுகிறபோது, "அவனுக்கும் விடு, அவன் உன் அண்ணன்" என்றாள். பிறந்தபோது தண்ணீரில் விட்டாள். செத்தபிறகு தண்ணீர் விடச் சொன்னாள். நடுவில் ஒரு வாழ்க்கை போய்விட்டது. (கைதட்டல்)

குந்தியை நான் திட்டவில்லை தாய்மார்களே. அவள் பயந்தாள். பயப்படும்படி ஒரு விதியை ஊர் வைத்திருந்தது.

எதிரணியினர் கேட்கலாம். "அப்போ கர்ணன்மேல் குற்றமே இல்லையா?" இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் அரைகுறைக் கதாசிரியன் ஆகிவிடுவேன். வில்லிபுத்தூரார் பாரதத்தில் கண்ணன் வேதியராக வந்து கர்ணனின் புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறான். கொடுத்தான். கேட்டு உருகுகிறோம். ஆனால் அதே கர்ணன்தானே, சூதாட்ட மண்டபத்தில் திரௌபதியை இழுத்துவந்து நிறுத்தியபோது, வாயில் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னவன்? நாலு பேர் நடுவில் அவமானப்பட்டால் எப்படி வலிக்கும் என்று அந்தச் சபையில் மற்றவரைவிட நன்றாகத் தெரிந்தவன் அவன். தெரிந்தவனே அந்த வலியை இன்னொருத்திக்குக் கொடுத்தான்.

சக்கரம் மண்ணில் இறங்கினதும், "தர்மத்தை நினை, கொஞ்சம் பொறு" என்று அர்ஜுனனைக் கேட்டான். கண்ணன் திருப்பிக் கேட்டான். அந்தச் சபையில் உன் தர்மம் எங்கே போயிருந்தது? சின்னப் பையன் அபிமன்யுவை இத்தனை பேர் சூழ்ந்தீர்களே, அப்போது எங்கே போயிருந்தது? கர்ணன் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். ஆக, அவன் தலையெழுத்தில் முதல் பக்கத்தை ஊர் எழுதியது. கடைசிப் பக்கத்தில் சில வரிகளை அவனே எழுதிக்கொண்டான். அதனால்தான் அந்தச் சாவைப் பார்த்து நம்மால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, முழுசாகச் சமாதானம் ஆகவும் முடியவில்லை. அந்தச் சங்கடத்தைத்தான் எதிரணியினர் 'எழுத்துக் கோளாறு' என்கிறார்கள். நான் எழுத்தின் உண்மை என்கிறேன்.

சரி சார், செத்துப்போன கர்ணனை ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்று கேட்பீர்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்காகப் பேசுகிறேன்.

சாக்கடைக் குழிக்குள்ளே ஒரு மனுஷன் இறங்குகிறான். விஷவாயு தாக்கிச் செத்துப்போகிறான். பக்கத்தில் நிற்கிறவர் என்ன சொல்கிறார்? "என்ன பண்றது, விதி முடிஞ்சுபோச்சு." ஐயா, பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனுஷனைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. முடிந்தது அவன் விதி இல்லை. மீறப்பட்டது விதி! 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூரில் நடுராத்திரி அம்மோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, இருட்டில் சனங்கள் ஓடினார்கள். அது அவர்கள் தலையில் எழுதினதா? கடலுக்கு அடியில் போகிற குழாயில் எழுதினதா? தொலைக்காட்சி முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து, 'பாவம் கர்ணன், விதி' என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பிள்ளை அதைக் காதில் வாங்கிக்கொள்கிறது. நாளைக்குத் தனக்கு ஒன்று நடந்தாலும் அதையேதான் சொல்லும். அது ஆபத்து.

விதி என்றால் ஒடுங்கி உட்காருவது என்று தமிழ் சொல்லவில்லை. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், 38-ஆவது. அதோடு நிறுத்தினாரா? 62-ஆவதாக ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். விடாமல் முயல்கிறவன் ஊழுக்கே முதுகு காட்ட வைப்பான் என்கிற பொருளை அங்கே சொன்னார்.

விதியை மாற்றி எழுத முடியுமா? எழுதிக் காட்டினார்கள். முதல் பாரதத்தை எழுதினவர் பெயர் இந்த ஊருக்கு. இந்தப் பாரதத்துக்குச் சட்டம் வரைந்த குழுவின் தலைவர் பெயர் இந்த ஊர் அரசு கலைக் கல்லூரிக்கு. அம்பேத்கர் கல்லூரி! வகுப்பில் தனியாக ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட ஒரு பிள்ளைதான், வளர்ந்து அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று சொல்கிற 17-ஆவது பிரிவு, 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. கிருபர் அரங்கத்தில் கேட்ட கேள்வியை இனி ஒருத்தரும் கேட்கக் கூடாது என்பதுதான் ஐயா அதன் அர்த்தம். (பலத்த கைதட்டல்)

கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்த வடசென்னையே காட்டியிருக்கிறது. இதே வியாசர்பாடியின் எளிய குடும்பத்துப் பெண் இளவழகி, 2008-ல் பிரான்சுக்குப் போய்க் கேரம் உலகப் பட்டத்தை ஜெயித்தார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா மூன்று தங்கம் வாங்கினார். காசிமாவின் அப்பா என்ன வேலை பார்க்கிறார்? ஆட்டோ ஓட்டுகிறார். கர்ணனை வளர்த்த அப்பா தேர் ஓட்டினார். ரெண்டும் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைதான். ஒரு பிள்ளையிடம் அரங்கம் குலம் கேட்டது. இன்னொரு பிள்ளையிடம் கேரம் பலகை ஒன்றுமே கேட்கவில்லை. சிவப்புக் காய் குழியில் விழுந்ததா என்பது ஒன்றுதான் அங்கே கணக்கு. வடசென்னைக் குத்துச்சண்டையில்கூட 'எந்தப் பரம்பரை' என்று கேட்பார்கள். சார்பட்டாவா, இடியாப்ப நாயக்கரா என்று. அது யாருக்குப் பிறந்தாய் என்ற கேள்வி இல்லை. யாரிடம் கற்றாய் என்ற கேள்வி. கிருபர் மட்டும் கொஞ்சம் வடசென்னைப் பக்கம் வந்து கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டு போயிருந்தால், குருக்ஷேத்திரமே நடந்திருக்காது! (சிரிப்பு, கைதட்டல்)

என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். "கர்ணன் செய்த முதல் தவறு எது?" ஒருவன் துரியோதனன் சிநேகம் என்றான். ஒரு பெண் திரௌபதிக்குச் செய்தது என்றாள். கடைசி பெஞ்சில் ஒரு மாணவன். அவன் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். எழுந்து நின்று சொன்னான். "சார், அரங்கத்துல அப்பா பேர் கேட்டப்போ தலை குனிஞ்சான் பாருங்க, அதுதான் முதல் தப்பு."

நான் வாயடைத்துப் போய் நின்றேன். அவன் விடவில்லை. "ஆனா சார், கொஞ்ச நேரத்துல வளர்த்த அப்பா வேர்வையோட கம்பு ஊன்றிக்கிட்டு உள்ளே வந்தாரு. இவன் அப்போதான் ராஜாவா முடிசூடியிருக்கான். தலையில அந்தத் தண்ணி ஈரம்கூடக் காயல. ஓடிப்போய் எல்லார் முன்னாலயும் அப்பா கால்ல அந்த ஈரத் தலையை வச்சான். பீமன் சிரிச்சான், சாட்டையை எடுத்துக்கோன்னு கிண்டல் பண்ணினான். இருந்தாலும் வச்சான். அந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம் அதுதான் சார்."

நடுவர் அவர்களே, நாற்பத்தைந்து நிமிஷம் நான் நடத்தின பாடத்தை அந்தப் பையன் ரெண்டு தலைகுனிவில் சொல்லிவிட்டான். முதல் தலைகுனிவு ஊர் எழுதினது, வெட்கம். ரெண்டாவது தலைகுனிவு அவனே எழுதினது, மரியாதை. ஒரே தலைதான், ரெண்டு எழுத்து.

ஆகவே என் முடிவு இது. கர்ணன் சாவில் கதையெழுத்துக் கோளாறு இல்லை. பெட்டி மிதந்த நாளிலிருந்து சக்கரம் புதைந்த நாள் வரைக்கும் ஒரு முடிச்சுகூட வீணில்லை. அவனைக் கொன்றது தலையெழுத்தே. ஆனால் அந்த எழுத்தை உற்றுப் பாருங்கள், மனுஷக் கையெழுத்து தெரியும். மனுஷக் கையெழுத்து என்றால் மனுஷனே அதை அடித்துத் திருத்தலாம் என்றும் அர்த்தம். கர்ணனுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. பேனா அவர்கள் கையில் இருக்கிறது. அதைப் பிடுங்காமல் இருந்தால் போதும் என்று சொல்லி, எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.